மனைவி வேலையை விடலாமா: கணவர்களுக்கு ஒரு கையேடு

பிரசவ விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. அதுவரை நிம்மதியாக இருக்கலாம். அப்பாவுக்கு எத்தனை வாரம் என்று அவள் கேட்டால் பேச்சை மாற்றுங்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தொட்டில் விசேஷத்துக்கு வாழைமரம் தேடுவதிலேயே அதில் பாதி போயிருக்கும்.

இனி கணக்கு. ஒரு வெள்ளைத்தாளில் மனைவியின் சம்பளத்தை எழுதுங்கள். க்ரீச்சுக்கு, ஆட்டோவுக்கு, சமையல் அக்காவுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். உங்கள் சம்பளம் அந்தத் தாளில் எங்கேயும் வரக் கூடாது. குழந்தை அவளுடைய சம்பளத்துக்கு மட்டும்தான் பிறந்தது. கடைசியில் பெருமூச்சோடு, "ஆறாயிரம்தான் மிச்சம் நிக்குது. இதுக்கா இவ்வளவு அலைச்சல்?" என்று கேளுங்கள். பி.எஃப்., இன்கிரிமென்ட் என்று அவள் வாயெடுத்தால், குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறதே என்று காதைத் தீட்டுங்கள். அவளுக்குச் சர்வீஸ் நாலு வருஷம் என்றால் இன்னும் வேகம் தேவை. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும் என்பது நினைவுக்கு வருவதற்குள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் க்ரீச் வசதி வேண்டும், தாய் தினம் நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் அந்த 2017 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அவள் தாராளமாக எச்.ஆரிடம் கேட்கட்டும். "நல்ல ஐடியா மேடம்" என்று பாராட்டுவார்கள்.

பாட்டிகளை நம்ப வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவள் அம்மாவுக்கு ஊரில் மாடு.

வேலையை விட்டுவிட்டாளா? "வீட்டுலதானே இருக்கா" என்று இனி யாரிடமும் சொல்லலாம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு மட்டும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் போனதாம், ஆண்களுக்கு 97. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். (97 என்பதே எனக்கு அதிகமாகப் படுகிறது. காப்பி டம்ளரை எங்கே வைத்தோம் என்று தேடியதையும் சேர்த்திருப்பார்கள்.)

அவளுடைய சம்பளம் உங்களுடையதைவிட அதிகமா? அப்படியானால் வெள்ளைத்தாளைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. யாருடைய அக்கவுன்டிலிருந்து போகிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும். நாலு பிள்ளைகளோடு பழகினால்தான் குழந்தைக்குப் பேச்சு சீக்கிரம் வரும், க்ரீச்சுக்கு ஈடு இல்லை என்று உங்களுக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.