நிரந்தரப் பணியில் ஒரு பானை ஓடு

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மணலூர்பேட்டையில் அருங்காட்சியகம் கிடையாது. வைக்கச் சரக்கில்லாமல் இல்லை. பக்கத்து ஜம்பையில், ஆளுருட்டிமலைக் குகைப் பாறையில், அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைச் சத்தியபுத்திரன் என்று சொல்லித் தமிழ் பிராமியில் ஒரே ஒரு வரி வெட்டி வைத்திருக்கிறான். 1981இல் தமிழகத் தொல்லியல் துறை அதைக் கண்டெடுத்ததும், அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் போட்ட சண்டை ஓய்ந்தது. இப்படி ஒரு கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காட்சிக்கூடம்கூட இல்லாமல் இருப்பது அநியாயம். ஆகவே மனு எழுதிவிட்டேன்.

திறப்பு விழாத் தேதி பற்றி அரசு கவலைப்பட வேண்டாம். தை 5ஆம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்; வண்டி வைத்துக் கூட்டம் திரட்டும் செலவு மிச்சம். கட்டடம், கண்ணாடிப் பெட்டி, ரிப்பன், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். உள்ளே வேலை பார்க்கப் போகிறவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் யோசனை வேண்டும். அதை நான் இலவசமாகத் தருகிறேன். நாட்டு நடப்பைப் பார்த்துக் கற்றதுதான். சொந்தச் சரக்கு குறைவு.

அடிப்படை இதுதான். செத்த பொருளுக்கு நிரந்தரப் பணி, உயிருள்ள ஆளுக்குத் தற்காலிகம். ஒரு பானை ஓடு உள்ளே வந்தால் பதிவேட்டில் அதற்கு எண் உண்டு. நீளம், அகலம், கிடைத்த குழி, கிடைத்த ஆழம் எல்லாம் ஏறும். ஈரப்பதம் கூடினால் அதற்கு ஆகாது, வெளிச்சம் அதிகமானால் ஆகாது. அந்தப் பெட்டியைத் துடைக்கிற பெண்ணுக்கு எது ஆகும், எது ஆகாது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அவள் பெயர் ஒப்பந்ததாரரின் நோட்டில் இருக்கிறது; அதுவும் எழுத்துப் பிழையோடு. ஓடு உடைந்தால் காப்பாட்சியருக்கு விளக்கம் கேட்டு 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். அவள் இடுப்பு உடைந்தால் நாளைக்கு வேறொருத்தி வருவாள்.

கீழடியைப் பாருங்கள். ரூ.18.42 கோடியில் கட்டி 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகம். அழகான கட்டடம், குறை சொல்ல மாட்டேன். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய குவிரனை இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஓட்டை மண்ணிலிருந்து சேதமில்லாமல் எடுத்துத் தந்தவை அக்கம்பக்கத்துக் காட்டில் களையெடுக்கும் கைகள். அன்றாடக் கூலி. எந்த ஊர் அருங்காட்சியகத்திலாவது, எந்த விளக்க அட்டையிலாவது, தோண்டியவர் பெயரைப் படித்திருக்கிறீர்களா? குவிரா, நீ விவரமானவன். உன் பெயரை நீயே கீறிக்கொண்டாய். துறையை நம்பி இருந்திருந்தால் நீயும் ‘வேலையாட்கள் நால்வர்’ என்று போயிருப்பாய்.

கூலியாட்களுக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். மேலே இருப்பவருக்கும் பங்கு உண்டு. 2014இல் கீழடி அகழாய்வைத் தொடங்கிய ஒன்றியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணாவை 2017இல் அசாமுக்கு அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் அவர் 982 பக்க அறிக்கை கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் அதை வைத்திருந்துவிட்டு, 2025இல் காலக்கணிப்பைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். முடியாது, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றார். அடுத்த மாதமே நொய்டாவுக்கு மாற்றல். பானையின் வயது குறைய மறுத்தால் அதிகாரியின் தூரம் கூடும். மணலூர்பேட்டைக்கு வரப்போகும் காப்பாட்சியர் இதை மேசைக்கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உட்காரும் பிரச்சினை. 2021இல் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்ற பெண்களின் கால் வீக்கம் கோட்டை வரை போய்ச் சேர்ந்த நாள் அது. ஆனால் அந்தச் சட்டம் கடைகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும்தான். அரசு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு. அதாவது புடவை விற்கிற பெண் உட்காரலாம். ஆயிரம் ஆண்டுப் பழைய சிலைக்குக் காவல் நிற்கிறவருக்குக் கால் இருப்பதே சட்டத்துக்குத் தெரியாது. நம் அருங்காட்சியகம் திறந்த மறுமாதம் நடக்கப்போகும் பேச்சு இப்போதே என் காதில் விழுகிறது.

“சார், ரெண்டு காலும் மரத்துப் போவுது. ஒரு ஸ்டூல் குடுத்தா நல்லாருக்கும்.”

“நீங்க உக்காந்தா வர்றவங்க இன்னா நெனப்பாங்க பெரியவரே?”

“தோ, அந்த சாமியே உக்காந்துனுதான சார் கீது.”

“அது பர்மனென்ட்டு, பெரியவரே.”

இதில் எனக்கு வயிறெரிவது ஜம்பையை நினைத்துத்தான். அந்த ஒற்றை வரியில் அதியமான் என்ன சொல்கிறான்? குகையில் தங்குகிறவர்களுக்கு உறைவிடம் கொடுத்தேன் என்கிறான். எல்லாவற்றையும் துறந்து வந்தவர்கள் முதுகு சாய்க்க ஓர் இடம். அதைக் கொடுத்ததைப் பெருமையாக நினைத்துக் கல்லில் வெட்டினான். அந்தக் கல்லின் படியெடுப்பைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதன் கீழே ஒரு மனிதனை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்க வைக்கிற நாம்தான் அவனுடைய வாரிசுகளாம்.

ஆட்களை எடுப்பது எப்படி என்ற கவலையே வேண்டாம், சட்டம் வழி செய்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று அதில் ஒரு தொகுப்பு கண்டிப்பாகச் சொல்கிறது. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. உடனே எவையெல்லாம் மையப் பணி ஆகாது என்று பட்டியலும் போடுகிறது: துப்புரவு, காவல், தோட்டப் பராமரிப்பு, உணவகம், சுமை ஏற்றி இறக்குவது. அந்தப் பணிக்காகவே நிறுவனம் தொடங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. சரி, அருங்காட்சியகம் என்பது என்ன? பழம்பொருளைச் சேதமில்லாமல் காப்பது. காப்பதற்குத் தேவையானது காவலும் சுத்தமும் பத்திரமாகத் தூக்கி வைப்பதும். இவை மூன்றும் மையம் இல்லையென்றால் மையத்தில் மிச்சம் இருப்பது திறப்பு விழாக் கல்வெட்டு. அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டாம், அதுவே நிற்கும். போதாததற்கு, ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அந்த அத்தியாயமே ஐம்பது ஒப்பந்த ஆட்களுக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது. நம் ஊருக்கு எதற்கு ஐம்பது பேர்? எட்டுப் பேர் போதும்.

இவ்வளவையும் தாண்டி யாராவது நிரந்தரம் கேட்டால்? தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் அந்தத் தொழிலாளி நிரந்தரம். நிர்வாகிகள் இந்தச் சட்டத்தை மிகவும் மதிக்கிறார்கள். 480 என்ற எண்ணை வேறு யாரையும்விட அவர்கள்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 479ஆம் நாள் சாயங்காலம் ஒப்பந்ததாரர் பெயர் மாறும். சட்டை மாறாது, ஆள் மாறாது, அதே தூண், அதே மூலை. தாளில் மட்டும் அவர் புதிதாகப் பிறந்திருப்பார். அருங்காட்சியகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று ஒருவர் வழக்குப் போடலாம், போடட்டும். அது ஆலையா, கடையா, கோயிலா என்று வழக்காடி முடிப்பதற்குள் அவரையே காட்சிக்கு வைக்கிற வயது ஆகியிருக்கும்.

வருகைப் பதிவிலும் நமக்குப் பாரம்பரியம் உண்டு. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நடத்திய எட்கர் தர்ஸ்டன், காலிப்பரை வைத்துக்கொண்டு அகப்பட்டவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். இன்று காலிப்பர் இல்லை. சுற்றுக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் நாளுக்கு இரண்டு முறை செயலியின் முன் முகத்தைக் காட்டி நிற்க வேண்டும் என்று 2023இல் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லையென்றால் வேலைக்கே வரவில்லை என்று கணக்கு. மூக்கை அளந்த துரை, குறைந்தபட்சம் அந்த மூக்கு எதிரில் இருந்ததை ஒப்புக்கொண்டார்.

இந்த நிர்வாகக் கலை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர் ஆட்சி. நாடு சுதந்திரம் அடைந்து குடியரசாகி கால் நூற்றாண்டு ஆன பிறகும் மலைமக்கள் ஜாகிர்தாருக்கு உழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்க நாதியில்லை. ஒருவழியாக ஜாகிர்தாரை மலையிலிருந்து இறக்கினோம். இறங்கியவர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. டெண்டர் எடுத்து அலுவலகத்துக்குள் வந்துவிட்டார். இப்போது அவருக்குப் பெயர் ‘சேவை வழங்குநர்’. சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பார், கட்டினாரா என்று கேட்டால் அடுத்த மாதம் சீருடை இருக்காது. 17(பி) கூட நிரந்தர ஊழியருக்கான கௌரவம். ஒப்பந்த ஆட்களுக்கு ‘நாளையிலிருந்து வராதே’ என்ற இரண்டு சொல் போதும், அதுவும் போனில்.

வேலைநிறுத்தம் செய்வார்களோ என்று அதிகாரிகள் அஞ்ச வேண்டாம். 2003 ஜூலையில் இதே தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார்கள். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குத் தார்மீக உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. புதிய தொகுப்பு இன்னும் நேர்த்தி. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் கூடிப் பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். எட்டுப் பேரில் நாலு பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தால், யாருக்கு முதலில் வந்தது என்று விசாரணை நடத்தலாம்.

முன்னறிவிப்பு இல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு பாரிஸ் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2025 ஜூன் 16 அன்று லூவர் அருங்காட்சியகத்தின் காவலர்களும் சீட்டுக் கொடுப்பவர்களும் திடீரென்று பணிக்குப் போக மறுத்தார்கள். கூட்டம் தாங்க முடியவில்லை, ஆள் போதவில்லை என்றார்கள். 15 ஆண்டில் 200 பணியிடம் போய்விட்டது என்பது தொழிற்சங்கத்தின் கணக்கு. வாசலில் காத்திருந்த சுற்றுலாப் பயணிகளின் சிரமத்துக்கு உலகமே வருந்தியது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 19, ஞாயிறு காலை, அதே லூவருக்குத் திருடர்கள் வந்து, சாமான் ஏற்றும் லிஃப்ட் வண்டியைத் தெருவில் நிறுத்தி, ஜன்னலை அறுத்து, எட்டு நிமிடத்துக்குள் எட்டு நகைகளோடு போனார்கள். மதிப்பு 8.8 கோடி யூரோ. என்ன உடுத்தி வந்தார்கள் தெரியுமா? சாலைப் பணியாளர் போடுகிற பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை. பட்டப்பகலில், நகரத்தின் நடுவில், அந்தச் சட்டைக்குள் இருக்கிற முகத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று அந்தத் திருடர்களுக்குத் தெரிந்திருந்தது. நிர்வாகம் நடத்துகிறவர்கள் எவ்வளவு காலமாகப் பயிற்சி கொடுத்திருந்தால் உலகம் அப்படிப் பார்க்காமல் இருக்கும்!

மணலூர்பேட்டையிலும் என்றாவது ஒரு வெண்கலச் சிலை காணாமல் போகும். அன்றைக்குக் காப்பாட்சியர் பணியிடம் காலி என்பார்கள். கேமரா பழுது, புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம் என்பார்கள். ஒப்பந்ததாரர் ஊரில் இருக்க மாட்டார். காவல்துறை மட்டும் சுறுசுறுப்பாகக் கிளம்பி, மையப் பணியில் இல்லாத, பதிவேட்டில் பெயர் இல்லாத, முதலாளி யாரென்றே தெரியாத அந்தப் பெரியவரின் வீட்டைச் சரியாகக் கண்டுபிடித்து, கதவைத் தட்டி, “நீதானய்யா அருங்காட்சியக ஊழியர்?” என்று கேட்கும்.