பிரியாவிடை – பாகம் 1

ஒரு ராக் குழு உடைவதைக் கண்ணால் பார்த்த பாக்கியசாலிகள் உலகில் கொஞ்சம் பேர்தான். 1980 ஜூலை 31-ம் தேதி, கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பட்டியலில் வருவார்கள். பாவம், என்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது!

மேடையில் ஈகிள்ஸ். அதேதான், 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஈகிள்ஸ். கிடார் வாங்கிய எந்த ஹாஸ்டல் பையனும் மூன்றாவது வாரம் கைவைக்கிற பாட்டு. நான்காவது வாரம் பக்கத்து அறைக்காரன் வார்டனைப் பார்க்கப் போவதும் அதே பாட்டால்தான்.

அன்றைக்கு நடந்தது செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனின் தேர்தல் நிதிக்கான கச்சேரி. செனட்டர் வந்து ஒவ்வொருவரிடமும் நன்றி சொன்னார். கிடாரிஸ்ட் டான் ஃபெல்டர் பதிலுக்கு மரியாதையாக ஒன்று சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம். '...னு நினைக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வாலையும் சேர்த்து முணுமுணுத்துவிட்டார். அரசியல்வாதிக்காக வாசிக்க வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பு. அந்த வால் குழுவின் தலைவர் க்ளென் ஃப்ரேயின் காதில் விழுந்தது. முணுமுணுப்புக்கு விலை, பதினான்கு வருஷம்!

மேடை ஏறினார்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டார்கள். "இன்னும் மூணு பாட்டு இருக்கு, அப்புறம் இருக்கு உனக்கு" என்கிற ரேஞ்சில் ராக்கெட் விடுவதுபோல கவுன்ட் டவுன். பாடிக்கொண்டிருந்தது என்ன பாட்டு தெரியுமா? 'பெஸ்ட் ஆஃப் மை லவ்'. வாயில் காதல், மனசுக்குள் இது முடியட்டும் இவனைக் கொன்றுவிடுகிறேன் என்ற எண்ணம். இதை ஃப்ரேயே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கச்சேரி முடிந்தது. ஃபெல்டர் ஒரு கிடாரைத் தூக்கிச் சுக்குநூறாக உடைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அதைப் பார்த்து ஃப்ரே அடித்த கமென்ட்: இருக்கிறதிலேயே விலை குறைந்த கிடாராகப் பார்த்து உடைத்திருக்கிறான்! கோபத்தின் உச்சியிலும் கணக்குத் தப்பாத ஆட்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உடைந்தார்கள் சரி, ஒப்பந்தம் உடையவில்லையே? ரெக்கார்டிங் கம்பெனிக்கு ஒரு லைவ் ஆல்பம் பாக்கி இருந்தது. ஃப்ரே லாஸ் ஏஞ்சலஸில், மற்றவர்கள் மயாமியில். ஒரே அறையில் உட்கார யாரும் தயாரில்லை. டேப்புகளைக் கூரியரில் இங்குமங்கும் அனுப்பித்தான் சுருதியைச் சரிசெய்தார்கள். சேர்ந்து பாடியதற்குச் சாட்சியாக நாம் வாங்கிய கேசட்டில் ஃபெட்எக்ஸ் கம்பெனியும் ஒரு குரல். உறையில் வக்கீல்கள் மட்டும் ஐந்து பேருக்கு நன்றி!

சண்டை இவர்களுக்குப் புதிதில்லை. 1971-ல் லிண்டா ரான்ஸ்டட் என்ற பாடகிக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் இவர்கள். முதல் நான்கு பேரும் அவருக்காக ஒன்றாக மேடை ஏறிய இடம், டிஸ்னிலேண்ட். உலகத்தை ஆட்டிப்படைக்கப்போகும் ராக் ஸ்டார்கள் மிக்கி மவுஸின் வீட்டில்தான் ஒன்று சேர்ந்தார்கள் என்பதைத் தலைவிதி என்பதா, தகுதி என்பதா?

அடுத்த நான்கே வருஷத்தில் அந்த நால்வரில் ஒருவரான பெர்னி லீடன், ஃப்ரேயின் தலையில் பீரை ஊற்றிவிட்டு வெளியேறினார். 1977-ல் இன்னொருவரான ராண்டி மைஸ்னரின் முறை. ஒரு பாட்டில் உச்சஸ்தாயியில் ஒரு இடம் வரும். தினமும் அதைத் தொடவேண்டும் என்றால் மனுஷனுக்குக் கைகால் நடுக்கம். ஒருநாள் உடம்பு சரியில்லை, பாடமாட்டேன் என்றார். மேடைக்குப் பின்னால் கைகலப்பு. ஒரு ஸ்வரத்துக்காக அடித்துக்கொண்டார்கள் என்றால் நம் சபா ரசிகர்கள் மெச்சுவார்கள்.

மைஸ்னர் இடத்துக்கு வந்தவர் டிமத்தி ஷ்மிட். இவர் கதை தனி. முன்பு போக்கோ என்ற குழுவிலிருந்து மைஸ்னர் கோபித்துக்கொண்டு கிளம்பியபோதும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் இவர்தான். ஒருவர் கோபித்துக்கொள்வதையே இன்னொருவர் கரியராக அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1980-க்குப் பிறகு 'மறுபடி எப்போது சேர்வீர்கள்?' என்று கேட்டவர்களுக்கு டிரம்மரும் பாடகருமான டான் ஹென்லி சொன்ன பதில், 'நரகம் பனியாய் உறையும்போது'. நாம் 'காக்கா வெள்ளையாகட்டும், பார்க்கலாம்' என்போமே, அந்த ரகம். 1994-ல் காக்கா வெள்ளையானது! அவமானத்தில் முகத்தை மூடிக்கொண்டார்களா? அட, நீங்க வேற. டூருக்கும் ஆல்பத்துக்கும் அதையே பெயராக வைத்தார்கள்: 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்'. சொன்ன சொல் தவறியதையே பிராண்டாக மாற்றி விற்கிற வித்தை நம்மூர் கூட்டணிக் கட்சிகளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

மேடையில் ஃப்ரே ஒரு விளக்கமும் கொடுத்தார். நாங்கள் பிரியவே இல்லை, பதினான்கு வருஷம் லீவில் இருந்தோம், அவ்வளவுதான்! டிக்கெட் விலை 100 டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்துக்கு அது கேள்விப்படாத தொகை. லீவில் போனவர்கள் அரியர்ஸோடு சம்பளம் கேட்டால் எப்படி இருக்கும்? ரசிகர்கள் கொடுத்தார்கள்.

அந்த ஆல்பத்தில்தான் நைலான் தந்தி கிடாரோடு தொடங்கும் அந்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா' வருகிறது. ஸ்பீக்கர் கடைக்காரர்கள் "சவுண்ட் எப்படி இருக்குன்னு பாருங்க சார்" என்று போட்டுக் காட்டுவார்களே, அதுதான். அதில் கிடாரைக் கொஞ்சுபவர் நம்ம முணுமுணுப்பு ஃபெல்டர். மெட்டே அவர் போட்டதுதான். மாலிபு கடற்கரையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து டேப்பில் வாசித்து வைத்தது. வரிகள் ஹென்லியும் ஃப்ரேயும்.

இப்பேர்ப்பட்டவரை என்ன செய்தார்கள்? 2001-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாருக்கும் சமபங்கு என்று ஆரம்பித்த குழுவில், 'நாங்கள் இரண்டு பேரும் பெரிய ஸ்டார், எங்களுக்குக் கூடுதல் பங்கு' என்று ஹென்லியும் ஃப்ரேயும் சொல்ல, ஃபெல்டர் கணக்குக் கேட்டார். கணக்குக் கேட்டவர் வெளியே போவதன் வரலாறு தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஃபெல்டர் கோர்ட்டுக்குப் போனார், புத்தகம் எழுதினார், தனியாக ஒரு குழு வைத்து அதே பாட்டை வாசிக்கிறார். ஈகிள்ஸ் மேடையில் அவர் போட்ட சோலோவை இன்னொருவர் அச்சு அசலாக வாசிக்கிறார். ஆக, ஊருக்கு இரண்டு ஹோட்டல் கலிஃபோர்னியா. எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் கிடையாது என்று போர்டு மாட்டாததுதான் பாக்கி.

பிறகு விடைபெறும் டூர் அறிவித்தார்கள். பெயர் என்ன தெரியுமா? 'ஃபேர்வெல் 1'. ஒன்று! சீரியல்காரர்கள்கூட இவ்வளவு வெளிப்படையாக இருக்கமாட்டார்கள். 2005-ல் வந்த அதன் டிவிடியை வாங்கி, கண்கலங்கிப் பார்த்தவர்கள் உண்டு. அட்டையில் இருந்த நம்பரை யாரும் சட்டை செய்யவில்லை.

2016 ஜனவரியில் ஃப்ரே இறந்துபோனார். இந்த முறை விளையாட்டில்லை. இனி அந்தப் பெயரில் எங்களை மேடையில் பார்க்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன் என்றார் ஹென்லி. யோசித்துப் பாருங்கள், இதிலும் ஒரு 'நினைக்கிறேன்'! 2017 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில், அதே பெயரில் வந்து நின்றார்கள். அப்பா பாடிய பாட்டைப் பாட, ஃப்ரேயின் மகன் டீக்கன். வாரிசை மேடை ஏற்றிவிட்டால் கூட்டம் கலையாது என்ற ஃபார்முலாவை நம்மிடம் கேட்டிருந்தால் ராயல்டி வாங்கியிருக்கலாம்.

2023-ல் அடுத்த விடைபெறல்: 'தி லாங் குட்பை'. நீண்ட பிரியாவிடை. எவ்வளவு நீளம்? ரசிகர்கள் கேட்கிற வரைக்கும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிட்டார்கள்! 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் ஸ்பியர் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்து, தேதிகளை மறுபடி மறுபடி நீட்டினார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "அப்ப நான் வரட்டா?" என்று ஒரு மணி நேரம் பேசுகிற சொந்தக்காரர் மாதிரி.

இவர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. மாட்லி க்ரூ குழுவினர் இனிமேல் டூர் போகமாட்டோம் என்று 2014-ல் பத்திரிகையாளர்கள் முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டார்கள். 2019-ல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்க்கிற வீடியோவோடு திரும்பி வந்தார்கள். ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1992-ல் 'இனி டூர் இல்லை' என்று ஒரு டூர் போனார். மூன்று வருஷத்தில் 'ரிட்டயர்மென்ட் சுத்த போர்' என்கிற அர்த்தத்தில் இன்னொரு டூர். 2018-ல் 'இனி டூர் இல்லை, பாகம் 2'.

விடைபெறுகிறேன் என்ற பேச்சே எடுக்காத ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர்தான் யோக்கியர்கள். 2024-ல் அவர்களின் பாடகர், எண்பது வயது மிக் ஜாகர் அமெரிக்க ஸ்டேடியங்களில் குதித்து ஓடினார். டூரின் ஸ்பான்சர் யார்? ஏஏஆர்பி. ஓய்வு பெற்றவர்களுக்காகத் தொடங்கிய அமைப்பு. பெற்றோரைக் கலவரப்படுத்தப் பிறந்த இசைக்குப் பென்ஷன்காரர் சங்கம் பேனர் கட்டியது!

சரி, இந்தக் கதையெல்லாம் தெரிந்தும் இவர்கள் கச்சேரிக்கு ஏன் போகிறோம்? தொண்ணூறு நிமிடக் கேசட்டைக் கடையில் கொடுத்து, பாட்டு லிஸ்ட் எழுதி, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய தலைமுறையைக் கேளுங்கள். அவர்களுக்குப் புதுப் பாட்டு வேண்டாம். 'இப்போ எங்க புது ஆல்பத்திலிருந்து' என்று பாடகர் சொன்னால் கான்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கேசட் அப்படியே உயிரோடு எழுந்து வந்து நிற்கவேண்டும். போன வருஷம் பாடிய மாதிரியே பாடினால் சபாவில் 'என்ன, அதேதானா?' என்பார்கள். இங்கே சோலோவில் ஒரு ஸ்வரம் மாறினால் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

இது ஈகிள்ஸுக்கு நன்றாகத் தெரியும். ஆல்பத்தில் இருப்பதை இழை பிசகாமல் மேடையில் கொண்டுவருவதுதான் ஆரம்பத்திலிருந்தே அவர்கள் கர்வம். விமர்சகர்கள் அதையே குறையாகச் சொன்னார்கள். ஜனங்களோ இவர்களின் முதல் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பத்தை அமெரிக்காவில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'க்கும் மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். 2018 கணக்கில் 38 முறை பிளாட்டினம்.

ஸ்பியரில் சுமார் 18,000 பேர் உட்காரலாம். தலைக்கு மேலே வானம் மாதிரி வளைந்த திரை. பொதுவாகக் கடைசிக்கு என்று பதுக்கி வைக்கும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வை எடுத்த எடுப்பிலேயே பாடிவிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் நல்லதை முதலிலேயே பரிமாறிவிடுவது ஒருவகையில் விவேகம். கேட்கிறவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதானே!

இந்தக் குழுவிடமிருந்து எனக்குக் கிடைத்த ஞானம் இவ்வளவுதான். சேர்ந்து பாட சுருதி சேர்ந்தால் போதும், மனசு சேரவேண்டிய கட்டாயமில்லை. மனசு சேர்ந்து சுருதி சேராத குழுக்கள் நம் தெருவிலேயே எத்தனையோ உண்டு. யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

அதனால், உங்கள் சின்ன வயது குழு ஏதாவது எங்காவது வருகிறது என்று தெரிந்தால் டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். போஸ்டரில் 'கடைசி முறை' என்று இருந்தால் நம்பாதீர்கள். ஆனால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். ஆஸியும் 2025 ஜூலை 5-ம் தேதி சொந்த ஊரான பர்மிங்ஹாமில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி ஒரு 'கடைசி' கச்சேரி பாடினார். அவர்தான் ஏற்கெனவே இரண்டு தடவை டாட்டா காட்டியவர் ஆயிற்றே! பதினேழாவது நாள் இறந்துபோனார். சொன்ன சொல்லை அந்த ஒரு முறைதான் காப்பாற்றினார்.

வாக்குத் தவறுகிற குழுதான் நல்ல குழு. தவறிக்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.