நாலு பேர், ஒரு புராஜெக்ட்: வெற்றிக்கு வழிகாட்டி

இன்ஜினியரிங் கடைசி வருடம். நாலு பேரைச் சேர்த்து ஒரு பேட்ச் போட்டுவிட்டார்கள். வாழ்த்துகள்! கீழே சொல்வதை அப்படியே செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள்.

1. உடனே வாட்ஸ்அப் குரூப் தொடங்குங்கள். பெயருக்கு இரண்டு நாள், டிபிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். யாராவது "டைட்டில் என்னடா?" என்று கேட்டால் கட்டைவிரலைப் போடுங்கள். கேள்விக்குக் கட்டைவிரல் எப்படிப் பதிலாகும் என்று யோசிக்காதீர்கள். இதுவரை யாரும் யோசித்ததில்லை.

2. நாலு பேரில் ஒருவன் ரிவ்யூ தேதியை நோட்டில் குறித்துக்கொள்வான். அவன்தான் ஆள். "மச்சி, உனக்குத்தான் கோடிங் வரும்" என்று தோளில் கை போடுங்கள். பேட்ச்சில் ஒரு பெண் இருந்தால் "உன் கையெழுத்து அழகா இருக்கும்" என்று ரிப்போர்ட்டை அவள் தலையில் கட்டுங்கள். ரிப்போர்ட்டை டைப்தான் அடிப்பார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

3. மனசாட்சி உறுத்துகிறதா? அறிவியலைக் கூப்பிடுங்கள். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களை இழுக்கவிட்டு அளந்து பார்த்து 1913-இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பாதி பலம்தான் தேறுகிறது. ஆக, நீங்கள் சோம்பேறி இல்லை, நிரூபணமான உண்மை. அதே கணக்கில் நாலு பேர் என்றால் ஆளுக்கு முக்கால் பலத்துக்கு மேலேயே மிஞ்சுகிறது. அந்த வரியை மட்டும் படிக்காதீர்கள்.

4. முதல் ரிவ்யூவுக்கு பிளாக் டயகிராம் போதும். பெட்டி, அம்பு, பெட்டி. இரண்டாவது ரிவ்யூவுக்கும் அதேதான், கலரை மாற்றுங்கள். கைடு "அவுட்புட் எங்கே?" என்றால் மூன்று பேரும் நான்காமவனைப் பாருங்கள்.

5. கடைசி வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள். ஒரு சென்சார் வாங்க நாலு பேரும் வேண்டும். ஒருவர் பேரம் பேச, ஒருவர் ஸ்டேட்டஸ் போட, ஒருவர் ஜூஸ் கடை தேட. பணம் கொடுக்க, அதான் நோட்டில் தேதி குறித்தவன். "கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்று மறக்காமல் சொல்லுங்கள். இந்த அப்புறம் வராது.

6. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் "எர்ரர் வருது" என்று குரூப்பில் போடுவான். நீலக் குறி விழாதபடி நோட்டிஃபிகேஷனிலேயே படியுங்கள். காலையில் "இப்பதாண்டா பார்த்தேன்" என்று அனுப்புங்கள். கூடவே ஒரு இதயம்.

7. வைவா. சட்டையை அயர்ன் செய்யுங்கள்; இந்த புராஜெக்ட்டில் உங்கள் சொந்த உழைப்பு இது ஒன்றுதான், சுருக்கம் இருக்கக்கூடாது. உள்ளே போனதும் "செய்திருக்கிறோம் சார்", "பயன்படுத்தியிருக்கிறோம் சார்" என்று பன்மையிலேயே பேசுங்கள். எக்ஸ்டர்னல் விவரமானவராக இருந்து "இதுல நீ என்னப்பா செஞ்ச?" என்று கேட்டால் "டீம் ஒர்க் சார்" என்று சொல்லிவிட்டு அரையடி பின்னால் நகருங்கள். அந்த இடைவெளியில் அவன் பேச ஆரம்பித்துவிடுவான். அவனால் சும்மா இருக்க முடியாது.

8. ரெஸ்யூமில் "டீம் லீடர்" என்று போடுங்கள். இன்டர்வியூவில் உங்களுக்கு முன்னால் உள்ளே போன உங்கள் பேட்ச் ஆளும் அதையே சொல்லியிருந்தால் பதறாதீர்கள். ஒரு டீமுக்கு மூன்று லீடர் இருக்கலாம். வேலை செய்ய ஒருவன் இருக்கிறானே.