குமிழிக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர்

தில்லி லோதி ரோடு பக்கம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரும் தானாக எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. 1517இல் காலமான சிக்கந்தர் லோதிகூட இன்னும் தோட்டத்தோடு கூடிய இடத்தில்தான் இருக்கிறார். வட்டாரத்துக் காற்று அப்படி. எங்கள் குவார்ட்டர்ஸில் அந்தக் காற்றே ஒரு குமிழியாகி, பையனின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

வீடியோ எடிட்டிங்குக்கு என்று சொல்லி வாங்கி, துப்பாக்கிச் சண்டைக்குப் பயன்படும் கம்ப்யூட்டர் அது. சூடு தாங்காது என்று அதற்குத் தண்ணீர் வைத்தியம். பிராசஸரின் தலைமேல் ஒரு செப்புக் கட்டி. அதற்குள் வரிவரியாக மெல்லிய தகடுகள். சின்ன பம்ப் ஒன்று டேங்கிலிருந்து அந்த இடுக்குகளில் தண்ணீரைத் தள்ளும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். ஃபேன் அந்தச் சூட்டை ஊதி அறைக்குள் விடும்.

“ரூமுக்குள்ளதானே விடுது? அப்புறம் ரூமை யார் ஆத்தறது?” என்றாள் என் மனைவி. பையனிடம் பதில் இல்லை. மே மாதத்தில் அறையை ஆற்ற ஜன்னலில் கூலர் உண்டு. கூலருக்குத் தண்ணீர் ஊற்ற நான் உண்டு.

எந்தத் தண்ணீர் என்பதற்கு வீட்டில் மந்திரிசபைக் கூட்டமே நடந்தது. ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்குமாம்; தள்ளுபடி. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி, ஹரித்துவாரிலிருந்து கொண்டுவந்த கங்கா ஜலத்தில் இரண்டு சொட்டு விடலாமே என்றார். கம்ப்யூட்டருக்கு மோட்சம் இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாக மறுத்தோம்.

டேங்கை நிரப்பி, பம்பைச் சற்றே ஓடவிட்டு, தண்ணீர் இறங்கியதும் நிறுத்தி, மறுபடி ஊற்ற வேண்டும். பம்பின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும். எங்காவது ஒழுகித் தொலைத்தால் என்ன செய்வது என்று மதர்போர்டுக்குக் கரண்ட் விடவில்லை. பவர் சப்ளையின் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பம்பை மட்டும் ஓட்டினான் பையன். ஆபீஸில் ஃபைலை நகர்த்தாத பேப்பர் கிளிப் வீட்டில் தண்ணீரை நகர்த்தியது.

கூடவே “களக்... களக்...” என்று ஒரு சத்தம். அடுக்களையிலிருந்து குரல் வந்தது: “என்னங்க, வயிறு சரியில்லையா? ராத்திரிக்கு ரசம் மட்டும் வைக்கட்டுமா?”

சத்தம் மட்டும் என்றால் ரசம் சாப்பிட்டுவிட்டு இருந்துவிடலாம். ஆனால், சத்தம் போட்டது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. தண்ணீர் கடத்தும் சூட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. செப்புக் கட்டிக்குள் அது தங்கினால் சூடு இறங்க வழியில்லை. பம்பில் சிக்கினால் பம்ப் இரையும். தள்ளும் வேகமும் குறையும்.

குமிழிகளிலும் கேடர் உண்டு. ரேடியேட்டரின் உச்சியில் மொத்தமாக உட்கார்ந்திருப்பது செக்ரட்டரி கிரேடு. நடுத்தரக் குமிழிகள் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி டூர் போகும். பம்ப் வேகமாக ஓடினால் டேங்கில் இறங்காமல் அப்படியே அடுத்த டூர். பொடிக் குமிழிகள் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றில் விட்டம் பாதியானால் மேலே ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். பிரமோஷன் தாமதம் அங்கேயும் கீழ்மட்டத்துக்குத்தான்.

போதாக்குறைக்குப் புது நியமனம் வேறு. ஜில்லென்ற தண்ணீர் நிறையக் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். நாங்கள் ஊற்றியது தில்லியின் ஜனவரியில். கம்ப்யூட்டர் சூடேறியதும், கரைந்திருந்தவர்களில் உபரி ஆட்கள் குமிழியாகி வெளியே வந்தார்கள்.

நானும் பையனும் பெட்டியைச் சாய்த்தோம், தட்டினோம், ஆட்டினோம். செக்ரட்டரி அசையவில்லை. சத்தம் கேட்டு மேல்மாடி மாமா இறங்கி வந்தார். வானிலைத் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

“இதே ரோட்டுல, எங்க ஆபீஸ் மௌசம் பவன்ல, 1989இல் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது தெரியுமோ? நாம கேட்டது பெரிசு; அமெரிக்காக்காரன் குடுத்தது எக்ஸ்-எம்பி 14. சூட்டை ஆத்த அதுக்குள்ள ஃப்ரியான் ஓடும். 1985இல் வந்த கிரே-2 இன்னும் மேலே. சர்க்யூட்டெல்லாம் ஃப்ளோரினெர்ட்னு கரண்ட் கடத்தாத திரவத்துல முழுகியே இருக்கும். அதுக்குப் பட்டப்பேரே ‘பபிள்ஸ்’. தொட்டி பக்கத்துல ‘மீன் பிடிக்கக் கூடாது’ன்னு போர்டு மாட்டினாங்களாம். நீங்க ஒரு சொம்புத் தண்ணிக்கு இந்தப் பாடு படறீங்க!”

பிறகு ரேடியேட்டரை உற்றுப் பார்த்தார். அதன் இரண்டு வாய்களும் கீழ்ப்பக்கம் இருந்தன.

“கண்ணா, காத்து மேலே ஏறறதை ஆயுசு பூரா பார்த்தவன் சொல்றேன். அதை ஆட்டாதே. மேலே வழி காட்டு.”

ரப்பர் குழாய் என்பதால் ரேடியேட்டரைக் கழற்ற முடிந்தது. வாய்கள் மேலே பார்க்க, டேங்க் அதைவிட உயரத்தில் இருக்கும்படி வைத்துக்கொண்டு பம்ப் வேகத்தைக் கூட்டினோம். “அப்பா, டார்ச்சை நேராப் பிடிங்க!” என்று பையன் கத்துவதற்குள், நீளமாக ஓர் ஏப்பம் விட்டு செக்ரட்டரி டேங்குக்கு மாற்றலாகிப் போனார். பம்ப் வேகத்தைக் குறைத்து, மூடியைத் திறந்து வைத்ததும் டூர் போனவர்களும் டேங்கில் இறங்கினார்கள். பொடிசுகளை அவர்கள் போக்கில் விட்டோம். அவ்வப்போது மட்டம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் விட ஆசைப்படும் வாசகர்களே, ரேடியேட்டரை மாட்டும்போதே வாய் மேல்பக்கம் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலே டேங்க் இருக்கட்டும். இவ்வளவு பாடு எதற்கு என்பவர்கள் சாதாரண ஃபேனோடு நிறுத்திக்கொள்ளலாம். ஃபேனுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.