நமக்கு எதுக்கு சார் கார்?

சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பணம் இருந்தும் கார் வாங்காதவர். ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. லிஃப்டில் இரண்டு மாடி சேர்ந்து ஏறினால் போதும்.

"இ.எம்.ஐ., இன்ஷூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், சும்மா நிக்கிறப்போ போர்த்த ஒரு கவர் வேற. 1,000 ரூபாய்க்கு பாஸ் எடுத்தா ஏ.சி. இல்லாத பஸ் அத்தனையும் மாசம் பூரா நம்மளுது. நமக்கு எதுக்கு சார் கார்?"

கணக்கு சரிதான். அதில் சேராத செலவு ஒன்றே ஒன்று: நேரம். அவர் ரிட்டயர் ஆனவர். நேரத்தையும் பென்ஷனோடு சேர்த்து அரசாங்கமே கொடுக்கிறது என்பது அவர் நினைப்பு.

நம்முடையவர் வேளச்சேரிவாசி. ஃபிளாட்டோடு கார் பார்க்கிங்கும் சேர்த்துத்தான் வாங்கினார். அங்கே ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது. ஓரமாக அல்ல, நட்டநடுவில். இரண்டாவது கார் வாங்கிவிட்டுத் தெருவில் நிறுத்தித் தவிக்கும் மூன்றாம் மாடிக்காரர் மாத வாடகை தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பொங்கலுக்குக் கரும்புக்கட்டே கொண்டுவந்து கொடுத்தார். கரும்பு உள்ளே போனது, சைக்கிள் நகரவில்லை.

மற்றவர்கள் சொந்தக்காரர்களை நினைவில் வைத்திருப்பதுபோல் இவர் பஸ் நம்பர்களை வைத்திருக்கிறார். 21ஜி தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும், 29சி பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்த 2007-ஐத் தன் வீட்டுக் கிரகப்பிரவேசம் மாதிரிதான் பேசுவார். மெட்ரோ ஓடத் தொடங்கிய 2015 ஜூன் 29 அன்று, கோயம்பேட்டிலும் ஆலந்தூரிலும் ஒரு வேலையும் இல்லாமல் போய்வந்தார். ஏ.சி. பிரமாதம் என்றார். அன்றைய டிக்கெட் 40 ரூபாய் என்பதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கமாட்டார். மண்டபத்தின் முகவரியைப் பார்ப்பார். "முகூர்த்தம் ஆறு மணிக்காம். முதல் ட்ரெயினைப் புடிச்சா தாலி கட்டுறதுக்குள்ள போயிடலாம்." பெண்ணுக்கு வரன் வந்தபோதும் அப்படித்தான். பையனுக்கு ஐ.டி. வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார். பொறுமையாகக் கேட்டுவிட்டு இவர் கேட்ட ஒரே கேள்வி: "வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்?"

ஆட்டோக்காரர்களோடு இவருக்கு நடப்பது சட்டப் போராட்டம். அவர் 150 என்பார். இவர், "2013-ல கவர்மென்ட்டு போட்ட ரேட்டு என்ன? முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அப்புறம் கிலோமீட்டருக்கு 12" என்று தொடங்குவார். ஆட்டோக்காரர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொல்வார்: "அப்ப 2013-லயே கெளம்பியிருக்கணும் சார்." அந்த இடத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து இருவர் மானத்தையும் காப்பாற்றும்.

இந்தக் கொள்கைக்கு வீட்டிலேயே ஒரு அடி விழுந்தது 2021-ல். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். அதுவரை சிக்கனத்தில் வீட்டுக்கு இவர்தான் தலைவர். ஒரே நாளில் அந்தப் பதவி வீட்டம்மாவுக்குப் போய்விட்டது. "ஏங்க, 1,000 ரூபாய் கொடுத்தா பாஸ் எடுக்குறீங்க? வீண் செலவு" என்று அவர் கேட்டபோது இவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பட்டுப்புடவை கட்டிய நாளில் வீட்டம்மாவின் கொள்கை வேறு. செல்போனில் கால் டாக்ஸியைப் பிடித்து, அது வாசலுக்கு வந்த பிறகுதான் இவருக்குத் தகவல் வரும்.

அடுத்தவர் காரில் ஏறுவதில் இவருக்குக் கொள்கைச் சிக்கல் எதுவும் இல்லை. "நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க?" என்று கேட்டு முன்சீட்டில் உட்காருவார். பெல்ட் போடுவதற்குள் கார்க்காரருக்குப் பாடம் தொடங்கிவிடும். விஜயநகர் சந்திப்பில் வண்டி நின்றால், "இந்நேரம் ட்ரெயின்ல தரமணி தாண்டியிருப்போம்." அடுத்த சிக்னலில், "திருவான்மியூர்." அதற்கடுத்ததில், "இந்திரா நகர்." கார் நகர்ந்த தூரத்தைவிட அவர் வாயில் ரயில் ஓடிய தூரமே அதிகம். இறங்கும்போது நன்றி சொல்வார், அனுதாபத்தோடு: "பாவம், இனிமே பார்க்கிங் வேற தேடணும் நீங்க."

இப்படிப்பட்டவருக்கும் ஆண்டுக்கொரு திருவிழா உண்டு. வடகிழக்குப் பருவமழை. 2015 வெள்ளத்தில் சூடுபட்ட வேளச்சேரிக்காரர்கள், மழை எச்சரிக்கை வந்ததும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஏற்றிவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் பாலத்தின் ஓரம் நெடுக கார்கள் நின்ற காட்சியை ஊரே டி.வி.யில் பார்த்தது.

காரை விட்டுவிட்டுப் பாலத்திலிருந்து நடந்து இறங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி எழும்: இனி வீட்டுக்குப் போவது எப்படி? அது மட்டுமா? தண்ணீர் வடியும்வரை ஆபீசுக்குப் போவது எப்படி? மூன்றாம் மாடிக்காரர், நான்காம் மாடிக்காரர், அசோசியேஷன் செயலாளர் எல்லாரும் தொப்பலாக நனைந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். வரும் பஸ் எங்கே போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. நம்முடையவர் குடையோடு முன்பே வந்து நிற்கிறார்.

"மழைன்னா நான் குடையைத் தூக்கிட்டு வரேன். நீங்க காரைத் தூக்கிட்டு அலையறீங்க" என்று சொல்லிவிட்டு, யார் யார் எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். பஸ் வருகிறது. மூன்றாம் மாடிக்காரர் ஏறிக்கொண்டே பர்ஸைத் திறக்கிறார்.

"சார், 500 ரூபாயை நீட்டிடாதீங்க. கண்டக்டர் நமக்குத் தெரிஞ்சவரு. என் மானம் போயிடும்!"