பேராண்டி, உனக்கு சோசலிசம் வேணாம்

"சோசலிசம் வந்தா எல்லாரும் சோம்பேறி ஆயிடுவாங்க தாத்தா"ன்னு போன்ல ஏதோ வீடியோ பார்த்துட்டு சொன்னியே பேராண்டி, அதுல இருந்து உன்மேல எனக்கு மரியாதை கூடிடுச்சு. ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ல வாயைத் திறந்துகிட்டு தூங்கி, குன்றத்தூர் வந்தது கூட தெரியாம பல்லாவரம் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற பிள்ளை நீ. சோம்பேறித்தனத்தைப் பத்திக் கவலைப்பட உன்னை விட்டா யாருடா இருக்கா?

வேணாம்னா வேணாம்தான். ஆனா அரைகுறையா வேணாம்னு சொல்லக் கூடாது. எட்டு மணி நேர வேலைன்னு பேப்பர்லயாவது இருக்கே, அதை முதல்ல திருப்பிக் குடுத்துடு. 1923ல சிங்காரவேலர் மெட்ராஸ் கடற்கரையில மே தினம் கொண்டாடினாரு, இந்தியாவுலயே அதுதான் முதல். அந்த ஒண்ணாம் தேதி லீவு விடுவாங்க பாரு, அன்னிக்கு நீ மட்டும் கேட்டுல போய் நில்லு. உன் பொண்டாட்டி பிரசவத்துக்கு ஈ.எஸ்.ஐ. கார்டைத் தேடி பீரோவையே கவுத்தியே, அதையும் கிழிச்சுப் போடு. முதலாளிங்க மனசு இளகி அதெல்லாம் தரலை கண்ணு. 1918லயே பெரம்பூர் மில்லுக்காரங்க, திரு.வி.க., வாடியா எல்லாம் சேர்ந்து சங்கம் கட்டின நாள்ல இருந்து பிடிச்ச சண்டைடா அது.

இதெல்லாம் ருஷ்யா சரக்குன்னு வேற நினைச்சுக்கிட்டிருக்க. பூந்தமல்லி தாண்டினா ஆவடி. 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு அங்கதான் கூடி, நேருவை வெச்சுக்கிட்டு சோசலிச பாணி சமுதாயம்தான் குறிக்கோள்னு தீர்மானம் போட்டுச்சு. சமுதாயம் வந்துச்சான்னு என்னைக் கேக்காதே. குவார்ட்டர்ஸ் வந்துச்சு. அதே வருஷம் பெரம்பூர்ல ரயில் பெட்டி பேக்டரி, அப்புறம் ஆவடியில டேங்க் பேக்டரி, ருஷ்யாக்காரன் உதவியோட நெய்வேலியில கரண்டு. உள்ள நுழைஞ்சவனுக்கு வீடு, பசங்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பகல்ல டேங்க் செஞ்சவன் சாயங்காலம் கொல்லையில முருங்கைக்கா பறிச்சான். ஓபி அடிச்சவன் இல்லையான்னு கேப்ப. இருந்தான், தாராளமா இருந்தான், பத்து மணிக்கு டீ குடிக்கப் போனா மத்தியான சாப்பாட்டுக்குத்தான் வருவான். ஆனாலும் பெரம்பூர் பெட்டியிலதான்டா நாடே ஊருக்குப் போய் வந்துச்சு. நெய்வேலியிலயே காண்ட்ராக்ட் ஆளுங்க நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறாங்க, அது தனிக் கதை.

இப்ப நம்ம வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்டுல 706 கோடி ரூபாய் செலவுல சிப்காட்டு ஒரு ஹாஸ்டல் கட்டித் திறந்தாங்க. பாக்ஸ்கான் பொண்ணுங்க 18,720 பேர் தங்கலாமாம். நல்ல கட்டடம், நொட்டை சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சோறு சாப்பிட்டு நூத்துக்கு மேல பொண்ணுங்க ஆஸ்பத்திரியில கிடந்து, மத்த பொண்ணுங்க பெங்களூரு ரோட்டுல உக்காந்து மறிச்சதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஒண்ணுதான் இடிக்குது. ஆவடியில வீட்டை எண்ணிக் கட்டினான், இங்க கட்டிலை எண்ணிக் கட்டுறான். கட்டில் கிடைச்ச பொண்ணு கல்யாணம் ஆனா எங்க போவா? அதை அந்த வீடியோக்காரன் கிட்ட கேட்டுச் சொல்லு.

சரி, ருஷ்யாவைச் சொர்க்கம்னு சொல்வேன்னு பார்த்தியா? 1940ல அங்க ஸ்டாலின் ஆட்சியில ஒரு சட்டம் போட்டாங்க. இருபது நிமிஷம் லேட்டா வந்தா கோர்ட்டு, ஆறு மாசம் வரைக்கும் சம்பளத்துல கால்வாசி பிடிப்பு, சொல்லாம வேலையை விட்டா ஜெயிலு. உங்க எச்.ஆர். கேட்டா ஆனந்தக் கண்ணீர் விடுவான்! அந்த ஸ்டாலின் பேரை வெச்ச நம்ம ஸ்டாலின் ஆட்சியில, 2023 ஏப்ரல்ல, பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி விடுற மசோதா சட்டசபையில நிறைவேறிச்சு. கூட்டணிக்காரங்களே கத்தின கத்துல மே தினத்தன்னிக்கு வாபஸ். பேருல என்னடா இருக்கு?

வேலை வாங்குற கதைக்கு நம்ம குன்றத்தூர்க்காரர் சேக்கிழாரை எடுத்துக்க. சோழன் கிட்ட மந்திரி வேலை பார்த்தவரு. பெரிய புராணத்துல குயவரு, வண்ணாரு, வலைஞரு, நெசவாளின்னு எல்லாரையும் நாயன்மாரா வெச்சாரு. ஒரு சூப்பர்வைசரைக் கூட வைக்கலை. அவரு எழுதின நந்தன் சிதம்பரத்துக்கு 'நாளைப் போவேன்'னு தானா தள்ளிப் போட்டாரே தவிர, லீவு தரமாட்டேன்னு சொல்ல அதுல ஆளே கிடையாது. போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதி வந்து நந்தன் சரித்திரம் பாடினப்பதான் பண்ணைக்கார வேதியர் உள்ள நுழைஞ்சாரு: நாப்பது வேலி வேலையை முடி, அப்புறம் சிதம்பரம் போ. டார்கெட்டுடா பேராண்டி! நந்தனுக்கு சிதம்பரத்தான் ஒரே ராத்திரியில முடிச்சுக் குடுத்தான். உனக்கு யாரு முடிச்சுத் தர்றா? பக்கத்துல நிக்கிற காண்ட்ராக்ட் பையன், உன் சம்பளத்துல பாதிக்கு.

சுங்குவார்சத்திரத்துல சாம்சங் பசங்க 2024 செப்டம்பர் 9ல வெளிய வந்து 37 நாள் உக்காந்தாங்களே, சம்பள உயர்வும் கேட்டாங்கதான். ஆனா வீம்பா நின்னது சங்கத்தை ஒத்துக்கோங்கிறதுக்குத்தான். கோர்ட்டு வரைக்கும் போய் 2025 ஜனவரியில சங்கம் பதிவாச்சு. ஒரு பதிவு நம்பருக்கு இந்த ராஜ்ஜியத்துல அவ்வளவு பாடு.

அதனால சோசலிசம் எல்லாம் பெரிய பேச்சு, உனக்கு எதுக்கு? வர்ற ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வா. சொல்ல முடியலையா? பக்கத்து லைன்ல நிக்கிறவன் கிட்ட, அவனுக்கு முடியுதான்னு கேளு.