கலசப்பாக்கத்தில் பறக்கும் தட்டை இறக்குவது எப்படி?

சொந்த ஊர் கலசப்பாக்கம், கையில் ஒரு கேமரா, மனசு நிறைய ஏலியன். இந்த மூன்றும் வாய்த்த தம்பிகளுக்கு என்னாலான யோசனைகள் இவை.

முதல் வேலை, கதையைத் தேடாமல் இருப்பது. கதை வந்து உட்கார்ந்துவிட்டால் குடையும்: தட்டு எதற்குச் செய்யாற்று மணலில் இறங்குகிறது, இறங்கியவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். போஸ்டர் எதையும் கேட்காது. ஆகவே அதை முதலில் அடித்துவிடுங்கள். பர்வதமலை உச்சிக்கு மேல் தட்டு, கீழே நாயகன், முகத்தில் பாதி நீலம், மீதி ஆரஞ்சு. ஏன் நீலம் என்று கேட்பவன் ரசனை கெட்டவன்.

பழைய படம் பார்ப்பதில் கவனம் தேவை. முக்கியமாக 1963-இல் வந்த 'கலை அரசி' பக்கம் போகாதீர்கள். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருஷத்தில் எம்.ஜி.ஆரை அங்கே அனுப்பிய படம். செட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். வினை அதற்குப் பிறகுதான். அந்தக் கிரகத்தில் சங்கீதம் இல்லையாம். அதனால் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தங்கம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பாட்டு டீச்சர் வேண்டும்! அட்டைச் சுவரை மறந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று உட்கார்ந்துவிடுவீர்கள்.

அதைவிட ஆபத்து 'இன்று நேற்று நாளை' (2015). டைம் மெஷின் கிடைத்தால் ஹாலிவுட்காரர்கள் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுவார்கள். நம் ஆட்கள் இரண்டு பேர் ஜோசியக் கடை போடுகிறார்கள். தொலைந்த பொருள் எங்கே போனது என்று பழைய நாளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து பலன் சொல்கிறார்கள். நடுவில், சாக வேண்டிய ரவுடி ஒருவன் இவர்களால் பிழைத்துவிட, மீதிப் படம் அந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே ஓடுகிறது. இதற்கு என்ன பெரிய கிராபிக்ஸ் வேண்டிக்கிடக்கிறது? அதே இயக்குநர் ஆர். ரவிக்குமாரின் அடுத்த படம் 'அயலான்', 2024 பொங்கலுக்கு வந்தது. 4,500-க்கும் மேல் கிராபிக்ஸ் ஷாட்டுகள் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த ஏலியன் நிஜமாகவே அழகு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டீக்கடையில் யாராவது கதை கேட்டால் என் வாயில் வருவது ஜோசியக் கடைதான். நீங்கள் என்னைப் போல ஆகிவிடாதீர்கள். ஷாட்டுகளை எண்ணுங்கள்.

லொகேஷன் பார்க்க ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூரோடு திரும்பிவிடுங்கள். தாண்டினால் காவலூர், வைணு பாப்பு வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே என்று ஆசையாகப் போவீர்கள், ஏமாந்து போவீர்கள். நீலமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. ராத்திரியில் வெளிச்சம்தான் அவர்களுக்கு ஜென்ம விரோதி.

போதாக்குறைக்கு அங்கே ஒரு கதையும் இருக்கிறது. 1977 மார்ச் 10. ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போகிறது. எப்போது மறைகிறது என்று குறிக்க, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தார்கள். கிரகம் வந்து சேருமுன்பே நட்சத்திரம் மங்கி, மீண்டும் ஒளிர்ந்தது. விமானத்தில் பறந்தபடி அதையே கவனித்த அமெரிக்கக் குழு, அது ஐந்து முறை மங்குவதைக் கண்டது. கிரகம் கடந்தபின் மறுபக்கத்திலும் அப்படியே. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். வளையத்தை அன்றைக்கு ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

இதைத் தயாரிப்பாளரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு புள்ளி மங்கினதுக்கு எவன்யா டிக்கெட் வாங்குவான் என்பார். பதில் தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள், படம் கைவிட்டுப் போய்விடும்.

இவ்வளவு சொல்லியும் காவலூருக்குத்தான் போவேன் என்றால், போளூர் வழியாகப் போங்கள். மேலே போனதும் கேமரா விளக்கை, செல்போன் டார்ச்சை எல்லாம் அணைத்துவிடுங்கள். அங்கே வேலை நடக்கிறது.